காரும் வேண்டாம், கையையும் கடிக்க வேண்டாம்: சிங்கப்பூரில் தன்பாலீர்ப்பாளர் வாடகை வீடு தேடும் முறை

சிங்கப்பூரில் தன்பாலீர்ப்பாளர்கள் சேர்ந்து குடியிருக்கும் பேட்டை என்று ஒன்று கிடையாது. நீல் ரோட்டிலும் அதை ஒட்டிய தஞ்சோங் பகார், சைனாடவுன் தெருக்களிலும் பல ஆண்டுகளாக மதுக்கூடங்கள் இருக்கின்றன. ஆனால் இரவு முடிந்ததும் அங்கே வந்தவர்கள் ஈசூனுக்கும் தெம்பனிசுக்கும் பொங்கோலுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே "எந்த வட்டாரம் நமக்கு நட்பானது?" என்று மட்டும் கேட்டுத் தேடினால், வாடகை அதிகமான ஒரு சிறு வட்டத்துக்குள் சிக்கிக்கொள்வீர்கள். அந்த வாடகைக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் ஓர் அறைதான்.

தேட வேண்டியவை வேறு. உள்ளிருந்து பூட்டிக்கொள்ள உங்களுக்கென்று ஒரு வாசற்கதவு. கடைசி ரயில் போன பிறகும் வீடு சேர ஒரு வழி. உங்களை யாரென்று விசாரிக்கும் கண்கள் குறைந்த ஒரு தளம். இந்த மூன்றும் அமைந்தால் தோ பாயோவும் நட்பான இடம்தான். அமையாவிட்டால் நீல் ரோட்டுக்கு மேல்மாடியிலேயே இருந்தாலும் மூச்சு முட்டும்.

சட்டம் எதுவரை துணை நிற்கும்

ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவை நீக்கும் மசோதா 2022 நவம்பர் 29ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, 2023 ஜனவரி 3 முதல் நடப்புக்கு வந்தது. அந்த உறவு இன்று குற்றமில்லை. பெண்களுக்கு அந்தப் பிரிவு எப்போதுமே பொருந்தியதில்லை. ஆனால் ஒரே பாலினத் திருமணத்தை அரசு ஏற்கவில்லை. வெளிநாட்டில் பதிவு செய்த திருமணச் சான்றிதழைக் காட்டி உங்கள் துணைக்குச் சார்ந்திருப்போர் அட்டை வாங்க முடியாது. வெளிநாட்டவர் என்றால் இருவருக்கும் தனித்தனி வேலை அட்டை வேண்டும், வீட்டு ஒப்பந்தமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பாலீர்ப்பைக் காரணம் காட்டி ஒருவர் வாடகைக்கு வீடு மறுத்தால் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. எனவே வீட்டுக்காரரின் மனத்தை மாற்றுவதில் நேரம் செலவழிக்காதீர்கள். அவர் தினமும் உங்கள் வாழ்க்கைக்குள் வர வாய்ப்பில்லாத வீடாகத் தேர்ந்தெடுங்கள்.

அறையா, முழு வீடா

எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவெடுக்க வேண்டியது இது. வட்டாரத்தைப் பிறகு பார்க்கலாம்.

வீட்டுக்காரர் உடன் தங்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஓர் அறை எடுப்பதுதான் மலிவு. சாதாரண அறை மாதம் ஏறத்தாழ 800 முதல் 1,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும். குளியலறையோடு கூடிய பெரிய அறை அதைவிடக் கூடுதல், அதிலும் இருவர் என்றால் மேலே இன்னும் கொஞ்சம் கேட்பார்கள். அந்தப் பணத்துக்கு வருவது என்ன? "லேசான சமையல் மட்டும்", "விருந்தினர் இரவு தங்கக் கூடாது", "குளிர்சாதனம் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை". பால்புதுமையினருக்கு (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோருக்கு) இதில் உண்மையான இடைஞ்சல் இரண்டாவதுதான்.

முழு வீட்டுக்கு வருவோம். நகரை ஒட்டிய பழைய பேட்டைகளில் மூவறை வீவக வீடுகள் ஏராளம். மூவறை என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும். பழைய வீடுகள் 60 முதல் 67 சதுர மீட்டர் இருக்கும். வாடகை ஏறத்தாழ 2,500 முதல் 3,200 வெள்ளி. 2,800 என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 1,400. இருவராக ஓர் அறையில் அடங்கி ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டு வாழ்வதோடு ஒப்பிட்டால், ஆளுக்கு மாதம் சில நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது தகும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. இரண்டு படுக்கையறை இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. வீட்டில் இன்னும் சொல்லாதவர்களுக்கு, அம்மாவோ அத்தையோ திடீரென்று வந்து நின்றாலும் விளக்கம் சொல்ல வேண்டியிராது. தனியாளாக இருந்தால், நம்பகமான ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்து மூவறை வீடு எடுப்பது அடுத்த நல்ல வழி.

வாடகை எவ்வளவு சரி என்பதை விளம்பரத்தை நம்பித் தீர்மானிக்காதீர்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. நகரம் வாரியாக, வீட்டு வகை வாரியாக இடைநிலை வாடகையை வீவக காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. அதைவிட உதவியானது அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் 2021 ஜனவரி முதல் தொகுக்கப்பட்டுவரும் பட்டியல். எந்த மாதம், எந்த புளோக், எந்தச் சாலை, எத்தனை அறை, என்ன வாடகை என்று வரிக்கு வரி அதில் இருக்கிறது. நீங்கள் பார்க்கப்போகும் புளோக்கின் எண்ணைப் போட்டுக் கடந்த ஆறு மாதத்தைப் பாருங்கள். முகவர் 3,200 சொல்லும் இடத்தில் பக்கத்து புளோக் 2,800க்குப் போயிருந்தால், அதைச் சொல்லியே பேரம் பேசலாம்.

நடை தூரத்தை அளப்பது

கார் வாங்கும் உரிமைச் சான்றிதழ் ஒன்றே ஒரு லட்சம் வெள்ளியைத் தொடும் ஊரில் கார் இல்லாமல் வாழ்வது குறையே இல்லை. ஆனால் "எம்ஆர்டிக்கு 8 நிமிடம்" என்ற விளம்பர வரிக்கும் உங்கள் காலுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். அந்த 8 நிமிடத்தில் வெயில் இல்லை, மழை இல்லை, ஆறு தட சாலையில் பச்சை விளக்குக்குக் காத்து நிற்பதும் இல்லை.

எம்ஆர்டி ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள், மருந்தகங்கள் முதலிய இடங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் கூரையுள்ள நடைபாதை போட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் கூரை விட்டு விட்டுத்தான் வரும். ஒவ்வொரு புளோக்கின் கீழ்த்தள வெற்றிடத்தின் வழியாகப் புகுந்து போக முடிந்தால், 700 மீட்டர்கூட நனையாமல் நடக்கலாம். நடுவில் விரைவுச்சாலையோ பெரிய கால்வாயோ குறுக்கிட்டால் 300 மீட்டரே மேம்பாலம் ஏறி இறங்கும் அலுப்பாகிவிடும். வரைபடத்தில் நேர்க்கோட்டுத் தூரம் பார்க்காமல் நடந்து பாருங்கள், அதுவும் மூன்று வேளைகளில்: வார நாள் காலை 8 மணி, ஞாயிறு பிற்பகல் 1 மணி, வெள்ளி இரவு 11.30. காலையில் லிஃப்டும் பேருந்தும் எவ்வளவு நெரிசல் என்று தெரியும். பிற்பகலில் எங்கே நிழல் இல்லை என்று தெரியும். இரவில் விளக்கு எங்கே இல்லை, காப்பிக்கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்கள் கடந்து போகும்போது எப்படிப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். கைகோத்து நடக்க விரும்புகிறவர்கள் அப்படியே நடந்து பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, முறைத்துப் பார்ப்பதோடு சரி. ஆனால் அந்த முறைப்பை வாரம் ஆறு நாள் தாங்க முடியுமா என்பதற்கு உங்களிடம் மட்டுமே பதில் இருக்கிறது.

நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டியவை: காலையில் திறக்கும் சந்தை, ஓர் உணவங்காடி நிலையம், பேரங்காடி, மருந்தகம். பல சந்தைக் கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். கறிவேப்பிலைக்கும் ஆட்டிறைச்சிக்கும் ஒவ்வொரு முறையும் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை வரை போக வேண்டியிருந்தால், நேரடிப் பேருந்து இருக்கிறதா என்று பாருங்கள். அரிசி மூட்டையோடு வண்டி மாறுவது சிரமம். மாறினால் கட்டணம் கூடிவிடுமோ என்ற கவலை வேண்டாம். 2 மணி நேரத்துக்குள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையே 45 நிமிடத்துக்கு மேல் போகாமல், ஐந்து முறை வரை மாறினாலும் ஒரே பயணமாகத்தான் கணக்காகும்.

நள்ளிரவுக் கணக்கு

பலர் மறந்துவிடும் செலவு இது. எம்ஆர்டி ஏறக்குறைய நள்ளிரவோடு நின்றுவிடும். வார இறுதிகளில் ஓடிய நைட்ரைடர், நைட் ஔல் பேருந்துகள் 2020இல் நிறுத்தப்பட்டன, பிறகு திரும்பவே இல்லை. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை டாக்சி மீட்டருக்கு மேல் 50 விழுக்காடு கூடுதல். ஒருமுறை வீடு திரும்ப 25 வெள்ளி என்று வைத்து, வாரம் இருமுறை என்றால் மாதம் 200 வெள்ளி. உட்லண்ட்சில் வாடகையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். இரவு வெளியே போகாதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் உட்லண்ட்ஸ், ஈசூன், செங்காங் என்று தாராளமாகத் தூரம் போகலாம். அங்கே அதே பணத்துக்குப் பெரிய வீடு கிடைக்கும்.

எந்தப் பக்கம் தேடலாம்

முதலில் பார்க்க நாங்கள் சொல்வது பூன் கெங், பெண்டமியர், வாம்போ பகுதி. பூன் கெங்கிலிருந்து வடகிழக்குப் பாதையில் லிட்டில் இந்தியா இரண்டாவது நிலையம், சைனாடவுன் ஐந்தாவது, அவுட்ராம் பார்க் ஆறாவது. பெண்டமியரிலிருந்து டௌன்டவுன் பாதையில் சைனாடவுன் நான்காவது. இரண்டு நிலையங்களுக்கும் இடைப்பட்ட புளோக்குகளில் இருந்தால் ஒரு பாதை பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். பழைய மூவறை வீடுகள் நிறைய. வாம்போ டிரைவ் சந்தையும் உணவங்காடியும் பெரியவை. வாம்போவின் உட்பகுதிக்கு எம்ஆர்டி நடை தூரத்தில் இல்லை, பேருந்துதான். அதை ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு வாடகையில் கொஞ்சம் இறக்கம் கிடைக்கும். தமிழர்களுக்கு இங்கே ஒரு தனி அனுகூலம். தேக்காவும் சிராங்கூன் ரோட்டுக் கோயில்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, ஆனால் அந்தக் கூட்டத்தின் நடுவில் நீங்கள் இல்லை.

அந்தக் கூட்டத்தின் நடுவே குடியிருப்பது வேறு விதம். ரோவல் ரோடு, பஃபலோ ரோடு, ஃபேரர் பார்க் புளோக்குகளில் கீழே இறங்கினால் எல்லாம் இருக்கிறது. கூடவே, உங்கள் பெரியம்மாவின் தோழியும் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பார். வீட்டில் சொல்லிவிட்டவர்களுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. சொல்லாதவர்கள் இரண்டு நிலையம் தள்ளியே இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே பொது இடத்தில் குடிக்கும் தடை சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை நீடிக்கும். காவல் ரோந்தும் அதிகம். அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள்.

ஜாலான் புசார் பக்கம் போனால் டௌன்டவுன் பாதையில் சைனாடவுன் மூன்றாவது நிலையம். எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை ஆகியவற்றைப் பல்லாண்டாக நடத்திவரும் ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பு இங்கே கிளந்தான் லேனில் இருக்கிறது. பெயர் சொல்லாமல் பரிசோதித்துக்கொள்ளும் ஏற்பாடும் அவர்களிடம் உண்டு.

தோ பாயோவை வயதானவர்களின் பேட்டை என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது தவறு. பேருந்து முனையம், நூலகம், சந்தை எல்லாம் ஒரே இடத்தில். லோரோங் (சந்து) 8இல் வைராவிமட காளியம்மன் கோயில். அடுத்த நிலையம் நொவீனா. தேசியத் தோல் நிலையமும் தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையமும் அங்கே இருப்பதால், தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அலைச்சல் குறையும். லோரோங் 1, 2 பக்கம் என்றால் பிரேடல் நிலையம் கிட்ட. லோரோங் 7, 8 என்றால் முனையம் வரை பேருந்து வேண்டும். பக்கத்தில் பாலஸ்தியரில் கடைவீடுகளுக்கு மேல் லிஃப்ட் இல்லாத தனியார் வீடுகள் உண்டு. எம்ஆர்டி வாசலில் இல்லாததால் வாடகை அவ்வளவு ஏறுவதில்லை. தனிப் படிக்கட்டு, பொது நடைவழி கிடையாது, யாரும் சன்னல் வழியே எட்டிப் பார்க்கப்போவதில்லை. நான்கு மாடி ஏறும் முழங்கால் உங்களுக்கு இருந்தால் அருமையான தேர்வு.

மேற்கில் ரெட்ஹில், குவீன்ஸ்டவுன். ரெட்ஹில்லிலிருந்து தஞ்சோங் பகார் மூன்றாவது நிலையம். காமன்வெல்த் டிரைவில் முனீஸ்வரன் கோயில். புக்கிட் மேரா சென்ட்ரலில் பேருந்து முனையம் உண்டு, எம்ஆர்டி இல்லை. பேரம் பேச அதுவே ஒரு காரணம்.

நீல் ரோட்டிலிருந்து நடந்தே வீடு சேர வேண்டும் என்பவர்கள் எவர்ட்டன் பார்க், ஸ்பாட்டிஸ்வூட் பார்க், சின் சுவீ ரோடு புளோக்குகளைப் பாருங்கள். முதல் இரண்டும் நீல் ரோட்டின் மேற்கு முனைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சின் சுவீ ரோட்டிலிருந்து சுமார் 20 நிமிடம் நடக்க வேண்டும். சௌத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலும், தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவான பிங்க் டாட் கூட்டம் 2009இல் தொடங்கிய ஹொங் லிம் பூங்காவும் இதே நடை வட்டத்துக்குள் வரும். அந்தக் கூட்டத்துக்குள் 2017 முதல் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே அனுமதி என்பதை வேலை அட்டையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே வீடு அபூர்வமாகத்தான் காலியாகும். டக்ஸ்டனின் 50 மாடிக் கட்டடத்தை மலிவுக் கணக்கில் சேர்க்கவே முடியாது.

கேலாங்கைப் பற்றி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அல்ஜுனிட் நிலையம் கிட்ட, இரவெல்லாம் சாப்பாடு கிடைக்கும், யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. இரட்டை எண் லோரோங்குகள் பலவற்றில் இரவு வியாபாரமும் சத்தமும் இருக்கும். ஒற்றை எண் பக்கம் தேடுங்கள். பலகையால் தடுத்த "அறைகள்" வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சோதனை வந்தால் வெளியேற்றப்படுவது நீங்கள்தான்.

வீட்டைப் பார்க்கும்போது

வீவக புளோக் எந்த வகை என்று முதலில் பாருங்கள். நீளமான புளோக்கில் ஒரே நடைவழியில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். படுக்கையறைச் சன்னல் நடைவழியைப் பார்த்தபடி இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் உங்கள் கட்டில் தெரியும். அந்தச் சன்னலை மூடினால் காற்று வராது. கோபுரம் போன்ற புளோக்கில் ஒரு தளத்துக்கு நான்கு வீடுகள்தான், கடந்து போகிறவர்களும் குறைவு. நீளமான புளோக்கையே எடுப்பதென்றால் மூலைவீடாகப் பாருங்கள். அதைத் தாண்டி யாரும் நடக்க வேண்டியிருக்காது.

தமிழர்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இடி. "ஓனர் இந்தியர் வேண்டாம் என்கிறார், சமையல் வாடை" என்ற பதில் இன்னும் வருகிறது. முதல் குறுஞ்செய்தியிலேயே எழுதிவிடுங்கள்: "இருவர், வேலை பார்ப்பவர்கள், இந்தியர்கள், தினமும் சமைப்போம், ஓராண்டு ஒப்பந்தம், இந்தத் தேதியில் குடியேறுவோம்." மனத்தடை உள்ளவர் பதிலே போடமாட்டார், உங்களுக்கு ஒரு பேருந்துப் பயணம் மிச்சம். இனத்தைக் குறிப்பிட்டு ஒதுக்கும் விளம்பரத்தை முகவர் போட்டால், அதைப் படம் பிடித்து, முகவர்களைக் கண்காணிக்கும் சொத்து முகவர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம். "இந்தியர் கோட்டா நிரம்பிவிட்டது" என்று சொன்னால் நம்பாதீர்கள். இன ஒருங்கிணைப்புக் கொள்கை வீடு வாங்கி விற்பதற்கு உரியது, வாடகைக்கு இல்லை. முழு வீவக வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது உள்ள ஒரே கோட்டா குடிமக்கள் அல்லாதோருக்கானது: அக்கம்பக்கத்துக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11 விழுக்காடு. மலேசியர்களுக்கு அதுவும் இல்லை.

தமிழ் வீட்டுக்காரர் என்றால் சமையல் ஒரு விஷயமே இல்லை. ஆனால் "எந்த ஊர், யார் பிள்ளை, எப்போ கல்யாணம்?" வந்துவிடும். அவர் வேறிடத்தில் குடியிருந்து, முழு வீட்டையும் முகவர் மூலம் விடுகிறார் என்றால் பரவாயில்லை. அவரோடு ஒரே கூரையின் கீழ் என்றால் நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

உங்கள் உறவைச் சொல்ல வேண்டுமா? முழு வீட்டுக்கு அவசியமே இல்லை. இரு நண்பர்கள் சேர்ந்து வீடெடுப்பது இந்த ஊரில் சாதாரணம். வீட்டுக்காரர் உடனிருக்கும் அறை என்றால், "நண்பர் எப்போதாவது இரவு தங்குவார், சரியா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே தெரிந்துவிடும். திருநர் ஒருவருக்கு இதில் இன்னொரு படி உண்டு. ஒப்பந்தத்திலும் வீவக பதிவிலும் அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் ஏறும். வீடு பார்க்கும் நாளில் வாசலில் வைத்து அது தெரிய வராதபடி, புழங்கும் பெயரையும் அட்டைப் பெயரையும் முகவரிடம் முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுவது மேல். இருக்க இடமே இல்லாமல் போன திருநருக்காக 2014 முதல் தி டி புராஜெக்ட் தங்குமிடம் நடத்துகிறது. மன ஆலோசனைக்கு ஊகாசாகா அமைப்பு இருக்கிறது.

ஒப்பந்தமும் பணமும்

இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் வாடகையாளர்களாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கணவன் மனைவி என்ற உரிமை எதுவும் உங்களுக்கு இல்லாத நாட்டில், பெயர் இல்லாதவர் வெறும் விருந்தினர்தான். பெயர் உள்ளவர் ஊரைவிட்டுப் போனாலோ, பிரிந்தாலோ, மருத்துவமனையில் படுத்தாலோ மற்றவர் அன்றே வெளியேற வேண்டி வரும். வீட்டுக்காரர் வீவகவிடம் இருவரையும் பதிவு செய்தாரா என்று அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் மூலம் நீங்களே சரிபார்க்கலாம்.

பிறகு இந்த வரிகளைப் படியுங்கள். வீட்டுக்காரர் உள்ளே வருவதற்கு முன் குறைந்தது 24 மணி நேரம் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று இருக்கட்டும். "எந்நேரமும் சோதிக்கலாம்" என்று இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். "விருந்தினர் தங்கக் கூடாது" என்று முழு வீட்டு ஒப்பந்தத்தில் இருந்தாலும் அப்படியே. வெளிநாட்டவர்களுக்கு, வேலை போனால் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்கும் விதி முக்கியம். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வழக்கமாக 12 மாதம் கழித்து 2 மாத முன்னறிவிப்பு. இருவருக்கும் தனித்தனி அட்டை என்பதால், "இருவரில் எவர் ஒருவரின் அட்டை ரத்தானாலும்" என்று எழுதி வாங்குங்கள். பொதுவான வாசகம் ஒருவரை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீவக வீட்டுக்குக் குறைந்தபட்ச வாடகைக் காலம் 6 மாதம், தனியார் வீட்டுக்கு 3 மாதம்.

2,800 வெள்ளி வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்றால் முதலில் கையில் வேண்டியது: முதல் மாத வாடகை 2,800, ஒரு மாத முன்பணம் 2,800, முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது 134. நீங்களாக முகவர் வைத்திருந்தால் அரை மாதத் தரகு 1,400 வரை கேட்பார். தரகுக்கு நிர்ணயித்த விகிதம் இல்லை, பேசலாம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 7,100 வெள்ளி. முத்திரைத் தீர்வையைக் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது.

ஏமாறும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. வீட்டைப் பார்க்கும் முன்பே "பிடித்து வைக்க" முன்பணம் கேட்பது ஒன்று. முகவரின் தொலைபேசி எண்ணைச் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தேடுங்கள், பெயரை மட்டும் பார்த்தால் போதாது. உண்மையான முகவரின் பெயரையும் படத்தையும் வைத்து வேறொருவர் பேசுவது உண்டு. வீவக வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது என்பது விதி, நேராக வீட்டுக்காரர் கணக்குக்குத்தான் போக வேண்டும். இரண்டாவது, பூட்டிய அறை. "முழு வீடும் உங்களுக்குத்தான், அந்த ஓர் அறை மட்டும் ஓனர் சாமான்" என்றால், முழு வீட்டை விட அவருக்கு அனுமதி இல்லை என்று பெரும்பாலும் பொருள். தானே குடியிருக்க வேண்டிய ஐந்தாண்டுக் காலம் முடியாதவர், நிரந்தரவாசி உரிமையாளர் ஆகியோர் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. வீவக கண்டுபிடித்தால் உங்கள் ஒப்பந்தமும் போகும்.

குடியேறும் நாளில் சுவர், தரை, குளிர்சாதனம், கழிவறை எல்லாவற்றையும் தேதியோடு காணொளி எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவையுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால், இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைத் தகராறுகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. அண்டை வீட்டார் தொல்லை வசையாகவோ மிரட்டலாகவோ மாறினால், துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். தேதி, நேரத்தோடு குறித்துவைத்துக்கொண்டே வாருங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு

திருமணமாகாத குடிமக்கள் வீவக வீட்டை 35 வயது முதல் தனியாக வாங்கலாம், அல்லது கூட்டு ஒற்றையர் திட்டத்தில் இருவர் முதல் நால்வர் வரை சேர்ந்து வாங்கலாம். பல தன்பாலீர்ப்பு இணைகள் இந்த வழியில்தான் வீட்டுக்காரர்கள் ஆகிறார்கள். புதிய வீடு என்றால் ஈரறை ஃபிளெக்ஸி (ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும்) மட்டும். 2024 அக்டோபர் முதல் எல்லா வட்டாரங்களிலும் விண்ணப்பிக்கலாம். மறுவிற்பனைச் சந்தையில் பெரிய வீடும் வாங்கலாம். இங்கேதான் இன ஒருங்கிணைப்புக் கொள்கை குறுக்கே வரும். இந்தியர், பிற இனத்தவருக்கு அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு உச்சவரம்பு. நிரம்பிய புளோக்கில் விற்பவரும் அதே பிரிவினராக இருந்தால் மட்டுமே வாங்க முடியும். வீவக தளத்தில் இந்த நிலவரம் மாதத்தின் முதல் நாளில் புதுப்பிக்கப்படும். முன்பணம் கொடுக்கும் முன் பாருங்கள். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் ஒற்றையருக்கு 10,000 வெள்ளி மானியம் உண்டு. அந்தத் தூரம் உங்களுக்கு ஆறுதலா, நெருக்கடியா என்று யோசித்த பிறகே அதைக் கணக்கில் சேருங்கள்.

வாடகையோ சொந்தமோ, குடியேறிய 28 நாளுக்குள் அடையாள அட்டை முகவரியை மாற்றிவிட வேண்டும். புதிய முகவரிக்கு ரகசிய எண்ணோடு ஒரு கடிதம் வரும், அதை இணையத்தில் உள்ளிட்டால்தான் மாற்றம் முழுமையாகும். வங்கி, மருத்துவமனை, மத்திய சேமநிதிக் கழகம் ஆகியவற்றிடமும் முகவரி மாறியதா என்று அதே வாரத்தில் பாருங்கள். மருத்துவமனைக் கடிதம் பழைய வீட்டுத் தபால் பெட்டிக்குப் போய், அப்பா பிரித்துப் படிக்கும் நிலை வர வேண்டாம்.